வழக்கு புனலூரில், பாஸ்போர்ட் மதுரையில்: குற்ற வழக்கு உள்ளவர் வெளிநாடு போவது எப்படி?

செங்கோட்டைக்காரர் மீதான வழக்கு புனலூர் கோர்ட்டில் இருக்கும். கம்பத்து ஜீப் டிரைவருக்குப் பீர்மேட்டில், பொள்ளாச்சி வியாபாரிக்குப் பாலக்காட்டுச் சித்தூரில், களியக்காவிளைக்காரருக்கு நெய்யாற்றின்கரையில். பிழைப்பு எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்தால் வழக்கும் இரண்டு பக்கமும் வந்து சேரும். துபாய் வேலைக்கோ, அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கவோ கிளம்பும்போதுதான் அந்தப் பழைய வழக்கு நினைவுக்கு வரும். "கேஸ் இருந்தா பாஸ்போர்ட்டே கிடைக்காது" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "கேரளா கேஸ் இங்கே எப்படித் தெரியும்? இல்லைன்னு போட்டுடுங்க" என்பார் ஏஜென்ட். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பாதி தவறு. ஏஜென்ட் சொல்வது முழுத் தவறு, அதோடு அதுவே ஒரு தனிக் குற்றம்.

வழக்கு எவ்வளவு பெரியது என்பதைவிட அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே முதலில் முக்கியம். பாஸ்போர்ட் அலுவலகம், கோர்ட், விமான நிலையக் குடியேற்றப் பிரிவு, போகப்போகும் நாட்டின் தூதரகம் என நான்கு இடங்களும் நான்கு விதமான கேள்வி கேட்கின்றன. ஓரிடத்தில் சரியான பதில் இன்னோரிடத்தில் பொய்யாகிவிடலாம்.

கிரைம் நம்பரா, சி.சி. நம்பரா?

1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2) பிரிவு, எப்போதெல்லாம் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று சொல்கிறது. நமக்கு வேண்டியவை மூன்று. இந்தியாவில் ஒரு குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பது ஒன்று. விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுக்குள், திருட்டு, மோசடி போன்ற நெறிகெட்ட குற்றத்துக்காக 2 ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருப்பது இன்னொன்று. சம்மனோ வாரண்டோ நாட்டை விட்டுப் போகத் தடை உத்தரவோ இருப்பது மூன்றாவது.

இதில் 'நிலுவை' என்பதில்தான் குழப்பம் வருகிறது. போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட்டவுடன் கிடைப்பது கிரைம் நம்பர். அது விசாரணையின் தொடக்கம் மட்டுமே. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, மாஜிஸ்திரேட் அதைக் கோப்பில் எடுத்துக்கொண்டு சி.சி. நம்பர், அதாவது கோர்ட்டின் வழக்கு எண், கொடுத்த பிறகுதான் வழக்கு கோர்ட்டில் நிலுவை. எஃப்.ஐ.ஆர். மட்டும் இருப்பது நிலுவை வழக்கைச் சொல்லும் 6(2)(எஃப்) பிரிவின் கீழ் வராது என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபர் 10 தேதியிட்ட குறிப்பாணையில் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே விண்ணப்பத்தைத் திறக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் வழக்குக்கு சி.சி. நம்பர் விழுந்துவிட்டதா என்பதைத்தான்.

பலர் தவறவிடுவது செக் கேஸ். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வரும் வழக்குக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. பணம் கொடுத்தவர் நேரே கோர்ட்டில் தனிப்புகார் போடுவார். ஸ்டேஷனில் விசாரித்தால் "ஒண்ணும் இல்லை" என்பார்கள். ஆனால் அது குற்றவியல் வழக்குதான். சம்மன் வந்திருந்தால் விண்ணப்பத்தில் 'ஆம்' என்றே எழுத வேண்டும். விவாகரத்து, பாகப்பிரிவினை, கடன் வசூல் போன்ற சிவில் வழக்குகள் இந்தக் கணக்கில் சேராது.

முடிந்த வழக்கிலும் வகை உண்டு. விடுதலையானால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் போதும். சட்டப்படி சமரசம் செய்யக்கூடிய குற்றத்தில் கோர்ட் அனுமதியோடு சமரசமானால் அதன் விளைவும் விடுதலைதான். போலீஸே வழக்கை மூடியிருந்தால் தமிழ்நாட்டில் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் தருவார்கள், கேரளத்தில் 'ரெஃபர்' அறிக்கை. இரண்டிலும் கோர்ட் ஏற்றுக்கொண்டதற்கான நகலையும் வாங்கி வையுங்கள். சிறுவனாக இருந்தபோது வந்த வழக்கு என்றால், 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு அதனால் பொதுவாக எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர்கள் "கேஸ் முடிஞ்சது" என்பார்கள். முடிந்தது உண்மை. ஆனால் முடிந்த விதம் தண்டனை. கேரளத்தில் பொது இடத்தில் குடித்திருந்ததற்காக 2011ஆம் ஆண்டு கேரளப் போலீஸ் சட்டத்தின் 118(ஏ) பிரிவில் பிடிபட்டு அபராதம் கட்டியவரும், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவில் அபராதம் கட்டியவரும் இந்தக் கணக்கில் வருவார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இதனால் தடை இல்லை. விசா விண்ணப்பத்தில்தான் இது தலைதூக்கும்.

எல்லை தாண்டிய வழக்கைத் தேடுவது

இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்து, பெயரும் வருடமும் போட்டுத் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு, அதை எழுதி வைத்துக்கொண்டால் பிறகு பெயர் தேட வேண்டியதில்லை. பெயரில் கவனம் வேண்டும். இங்கே இனிஷியலோடு இருக்கும் பெயரை மலையாளத்தில் எழுதி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது எழுத்து மாறிவிடும். நான்கைந்து விதமாகத் தேடுங்கள். அப்பா பெயரும் ஊரும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் கேரளப் போலீஸின் 'துணா' தளத்தில் எடுக்கலாம்.

எல்லையோரத்துக்காரர் அதிகம் மாட்டுவது எல்.பி. கேஸில். குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜராகாமல் வாரண்டும் நிறைவேறாமல் கிடந்தால், கேரள கோர்ட்டுகள் அந்த வழக்கை நீண்டகால நிலுவைப் பதிவேட்டுக்கு மாற்றிவிடும். சம்மன் பழைய முகவரிக்குப் போயிருக்கும், ஆளுக்கு விஷயமே தெரியாது. வழக்கு தூங்கினாலும் வாரண்ட் உயிரோடுதான் இருக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு முன்னால் இதை முடித்தாக வேண்டும். உள்ளூர் வக்கீல் மூலம் வக்காலத்து போட்டு, நேரில் ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெற மனு கொடுத்து, ஜாமீன் எடுக்க வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் பெரும்பாலும் அன்றைக்கே வேலை முடியும்.

அங்கே ஜாமீன்தாரர் கிடைப்பது இன்னொரு தலைவலி. நிலவரி கட்டிய ரசீதோடு வரும் உள்ளூர்க்காரரையே கேட்பார்கள். தென்காசிக்காரருக்குப் புனலூரில் யார் வந்து நிற்பார்? வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளக் கூடாது என்று 1978இல் மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் பாலக்காட்டுக்காரர்தான். மனுவில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடச் சொல்லுங்கள், பயன்படும்.

ஆந்திரப் பக்கம் செம்மர வழக்குகளில் இதே சிக்கல் உண்டு. திருத்தணி, வேலூர், ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து மரம் வெட்டப் போய்ப் பிடிபட்டவருக்குத் திருப்பதி, சித்தூர் கோர்ட்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருக்கலாம். ஒரு வழக்கில் ஜாமீன் எடுத்ததை எல்லாம் முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது.

கோர்ட் அனுமதி: மனுவில் என்ன இருக்க வேண்டும்

வழக்கு நிலுவையில் இருந்தாலும் பாஸ்போர்ட் பெற வழி இருக்கிறது. 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட மத்திய அரசின் 570(இ) அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் கோர்ட் வெளிநாடு போக அனுமதித்தால் 6(2)(எஃப்) தடை விலகும். விண்ணப்பதாரர் கோர்ட் அழைக்கும்போது ஆஜராவேன் என்று உறுதிமொழி தர வேண்டும்.

காசும் காலமும் வீணாவது இந்த இடத்தில்தான். உத்தரவில் எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கிறதோ அத்தனை ஆண்டுக்குத்தான் பாஸ்போர்ட். எதுவும் எழுதாவிட்டால் ஒரே ஆண்டு. பல நாடுகள் பாஸ்போர்ட்டில் 6 மாதம் செல்லுபடி மிச்சம் கேட்பதால், ஓராண்டுப் பாஸ்போர்ட் கையில் இருந்தும் உண்மையில் உதவுவது பாதிக் காலம்தான். இரண்டு வருட வளைகுடா ஒப்பந்தத்துக்கு அது எதற்கும் ஆகாது. எனவே மனுவில் இரண்டு கோரிக்கையையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்: பாஸ்போர்ட்டை 10 ஆண்டுக்கு வழங்கவோ புதுப்பிக்கவோ ஆட்சேபணை இல்லை என்பது ஒன்று, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இன்ன நாட்டுக்குப் போக அனுமதி என்பது மற்றொன்று. "ஆட்சேபணை இல்லை" என்று மட்டும் ஒரு வரியில் உத்தரவு வாங்கி வந்து பாஸ்போர்ட் சேவா மையத்தில் திரும்பி அனுப்பப்படுகிறவர்கள் நிறைய.

மனுவோடு சேர்க்க வேண்டியவை: வேலைக் கடிதம் அல்லது அழைப்புக் கடிதம், தங்கும் முகவரி, அங்குள்ள தொலைபேசி எண், போகும் வரும் தேதி, இங்கே இருக்கும் குடும்பம், சொத்து விவரம். டிக்கெட்டுக்கு முன்பதிவு நகல் போதும், அனுமதி கிடைக்கும் முன் முழுப்பணம் கட்ட வேண்டாம். அரசு வக்கீல் ஆட்சேபணைக்கு நேரம் கேட்பார், இரண்டு மூன்று வாய்தா போய்விடும். குறைந்தது இரண்டு மாதம் முன்னதாக மனு போடுவது நல்லது.

வாய்தாவுக்கு நேரில் வருவதிலிருந்து விலக்கு கேட்கும் மனுவும் கூடவே வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205, 317ஆவது பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 228, 355 ஆகியிருக்கின்றன. "எனக்காக என் வக்கீல் ஆஜராவார், அவர் முன்னிலையில் சாட்சி விசாரிக்க ஆட்சேபணை இல்லை, என் அடையாளத்தை மறுக்க மாட்டேன்" என்று பிரமாணப் பத்திரத்தில் இருந்தால் மாஜிஸ்திரேட்டுக்கு அனுமதி கொடுப்பது எளிதாகும். வழக்கு இழுத்துக்கொண்டே போகும் என்பதுதான் அவருடைய பயம், அதைத் தீர்த்துவிட்டால் போதும்.

யாரிடம் மனு என்பதிலும் தவறுகிறார்கள். முன்ஜாமீன் கொடுக்கும்போது, கோர்ட்டின் முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று நிபந்தனை விதிப்பது வழக்கம். எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றம் விதித்த நிபந்தனையைத் தளர்த்தப் பொதுவாக அங்கேதான் போக வேண்டும், பாலக்காட்டுச் சித்தூர் மாஜிஸ்திரேட்டால் முடியாது. மாறாக, மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் அநியாயமாக மறுத்தால் ரிட் மனு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில். கோவை அலுவலகம் என்றால் சென்னையில். மறுப்பு உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், காரணத்தோடு தர வேண்டும் என்பது சட்டம். 30 நாளுக்குள் துறைக்குள்ளேயே மேல்முறையீடும் செய்யலாம்.

நாட்டை விட்டுப் போகக் கூடாது என்ற ஜாமீன் நிபந்தனை பாஸ்போர்ட் வேண்டாத நேபாளம், பூடானுக்கும் பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாக்காளர் அட்டையோடு காத்மாண்டு போனாலும் நாட்டை விட்டுப் போனதுதான்.

விண்ணப்பமும் விசாரணையும்

36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. நிலுவை வழக்கு, தண்டனை, வாரண்ட் பற்றித் தனித்தனிக் கேள்விகள் வரும். பொய் எழுதினால் 12ஆவது பிரிவில் 2 ஆண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். உண்மையை மறைத்ததற்காக 10(3) பிரிவில் பாஸ்போர்ட்டை முடக்குவதுதான் பெரிய அடி. தட்கலில் பாஸ்போர்ட் முதலில் வந்து போலீஸ் விசாரணை பிறகு நடக்கும்போது, அந்தப் பிடி துபாயில் வேலையில் இருக்கும்போது விழும்.

"கேரளா கேஸ் இங்கே தெரியாது" என்பது ஸ்டேஷன் பதிவேடுகள் கைப்பிரதியாக இருந்த காலத்துப் பேச்சு. இப்போது சி.சி.டி.என்.எஸ். என்ற போலீஸ் கணினி வலையமைப்பில் மாநிலங்களின் ஸ்டேஷன்கள் இணைந்திருக்கின்றன. இதற்கு மறுபக்கமும் உண்டு. பத்து வருடம் முன்னால் விடுதலையான வழக்கு நிலுவை என்றே கணினியில் கிடக்கலாம். போலீஸ் பாதகமாக அறிக்கை அனுப்பினால் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பதற வேண்டாம், பதில் சொல்லாமலும் விட வேண்டாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலை அலுவலகத்துக்கு ஒன்று, இங்குள்ள ஸ்டேஷனுக்கு ஒன்று, வழக்குப் போட்ட ஸ்டேஷனுக்கு ஒன்று கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பாஸ்போர்ட்டைப் போலீஸ் எடுத்து வைத்துக்கொண்டால்? விசாரணைக்காகக் கைப்பற்றலாம், ஆனால் முடக்கி வைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே என்று 2008இல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

விமான நிலையத்தில்

பாஸ்போர்ட், விசா, கோர்ட் அனுமதி மூன்றும் இருந்தும் திருவனந்தபுரம் கவுண்டரில் ஆள் நிறுத்தப்படுவது லுக்-அவுட் சர்க்குலரால், அதாவது இன்னார் வந்தால் நிறுத்துங்கள் என்று குடியேற்றப் பிரிவுக்குப் போகும் சுற்றறிக்கையால். மாவட்ட எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரி கேட்டால் குடியேற்றப் பணியகம் இதைப் போடும். போட்டவரே நீக்கச் சொல்லும்வரை அது தானாகக் காலாவதி ஆகாது, வழக்கு முடிந்தாலும்கூட. வரதட்சணைக் கொடுமை வழக்கு சமரசமாகி வருடம் கழித்து ஊருக்கு வந்தவர் இறங்கும்போதே பிடிபடுவது இதனால்தான். பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப் பொதுமக்களுக்கு இணையதளம் எதுவும் இல்லை. வழக்கு முடிந்த கையோடு எஸ்.பி. அலுவலகத்தில் தீர்ப்பு நகலோடு மனு கொடுத்து, நீக்கச் சொல்லி அனுப்பிய கடிதத்தின் எண்ணை வாங்குவது நல்லது. நகராவிட்டால் உயர் நீதிமன்றம்தான்.

தூதரகம் கேட்பது வேறு

பாஸ்போர்ட் விண்ணப்பம் 'நிலுவையில் உண்டா' என்று கேட்டது. அமெரிக்க விசாவின் டி.எஸ்.-160 படிவமோ 'எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா' என்று கேட்கிறது, மன்னிப்புப் பெற்றிருந்தாலும். விடுதலையானவரும் கைதாகியிருந்தால் 'ஆம்' என்றே போட்டு, தீர்ப்பு நகலோடு போக வேண்டும். மோசடி, திருட்டு போன்ற குற்றத்தில் தண்டனை இருந்தால் அங்கே நுழையத் தடை. ஒரே குற்றம், அதற்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டுக்கு மேற்படாதது, விதிக்கப்பட்டது 6 மாதத்துக்கு மேற்படாதது என்றால் விதிவிலக்கு உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கடந்த 5 ஆண்டுக்குள் கைதாகியிருந்தால் அவர்கள் குறிப்பிடும் மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

கனடா இதில் விசித்திரமானது. நம் நாட்டில் குடித்து ஓட்டியதற்கு முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கனடாவோ அந்தச் செயலுக்குத் தன் சட்டத்தில் என்ன தண்டனை என்று பார்க்கும். 2018 டிசம்பரிலிருந்து அங்கே அதற்கு அதிகபட்சம் 10 ஆண்டு, ஆகவே கடுங்குற்ற வகை. வாளையாறு செக்போஸ்டில் ஊதி மாட்டி அபராதம் கட்டியதே டொரன்டோவுக்குத் தடையாகலாம். தண்டனை முடிந்து 5 ஆண்டான பிறகு 'திருந்தியவர்' என்று ஏற்கக் கோரி விண்ணப்பிக்கலாம்.

பிரிட்டன் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவரை மறுத்துவிடும். ஆஸ்திரேலியாவிலும் 12 மாதத் தண்டனை குணநலச் சோதனையில் தோற்கடிக்கும். ஜப்பான் போதைப்பொருள் தண்டனை எவ்வளவு சிறியதானாலும் உள்ளே விடாது. கம்பம், குமுளிப் பக்கத்துக் கஞ்சா வழக்குகளுக்கு இது பொருந்தும். நம் சட்டத்தில் 1 கிலோ வரை சிறிய அளவு, ஆனால் தூதரகத்தில் சிறிய அளவு என்று சலுகை எதிர்பார்க்க முடியாது.

மறைத்துப் பிடிபட்டால் வரும் தடைதான் பல நேரம் வழக்கைவிடக் கொடியது: கனடாவில் 5 ஆண்டு, பிரிட்டனில் 10 ஆண்டு, ஆஸ்திரேலியாவில் 3 ஆண்டு, அமெரிக்காவில் ஆயுள் முழுக்க. மலையாளத்தில் இருக்கும் எஃப்.ஐ.ஆரையும் குற்றப்பத்திரிகையையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சான்று வாங்கி, ஒரு பக்கத்தில் நடந்ததைத் தேதிவாரியாக எழுதி இணைத்தால் அதிகாரிக்கு வேலை குறையும். கெஞ்சும் கடிதம் வேண்டாம்.

வளைகுடாவில் சவூதி, குவைத் போன்ற நாடுகள் வேலை விசாவுக்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்று, அதாவது பி.சி.சி., கேட்கும். வெளிநாட்டுக்கு வேண்டிய சான்றைப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டி வாங்க வேண்டும். கேரள ஸ்டேஷனிலோ தமிழ்நாடு போலீஸ் இணையத்திலோ வாங்குவது உள்ளூர் வேலைக்குத்தான். நிலுவை வழக்கோடு சுத்தமான பி.சி.சி. கிடைக்காது, கோர்ட் அனுமதி இருந்தாலும். அப்படிப்பட்டவர் ஏஜென்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சுற்றுலாவுக்குத் தாய்லாந்து, இலங்கை போகிறவரிடம் பொதுவாக யாரும் பி.சி.சி. கேட்பதில்லை.

போகும்போது கைப்பையில் கோர்ட் உத்தரவின் சான்றிட்ட நகல் இரண்டு, வக்கீலின் கைபேசி எண், திரும்பும் டிக்கெட் இருக்கட்டும். திரும்பியதும் உத்தரவில் சொன்ன நாளுக்குள் வக்கீல் மூலம் வந்துவிட்டதாக மெமோ தாக்கல் செய்து, வருகை முத்திரை விழுந்த பக்கத்தின் நகலை இணைக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். தங்குவது நீண்டுபோனால் கெடு முடிவதற்கு முன்பே, அங்கிருந்தபடியே வக்கீல் மூலம் நீட்டிப்பு மனு போட வேண்டும். கெடு தாண்டிய மறுநாள் ஜாமீன் ரத்தாக வழி பிறக்கும், ஜாமீன்தாரர் கட்டிய பத்திரப் பணத்துக்கும் நோட்டீஸ் போகும்.